அரைக்கால் வித்தியாசம்

ஒற்றைச்சக்கர வண்டி என்றதும் நம் நினைவில் எழுவது சர்க்கஸ் கூடாரம்தான். வட்ட வெளிச்சம், கோமாளியின் கூம்புத் தொப்பி, கையிலிருந்து கைக்குத் தாவும் பந்துகள். அதே வண்டியை மலைக்காட்டுக்குள் கொண்டுபோய், வேரும் பாறையுமாகக் கிடக்கும் ஒற்றையடிப் பாதையில் ஓட்டுகிறவர்கள் உண்டு என்று சொன்னால் நண்பர்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு "எதற்காக?" என்பார்கள். அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் கௌரவமான பதில் எதுவுமில்லை. யாரும் கேட்காத இன்னொரு கேள்விக்கு மட்டும், அதாவது "எந்த டயரில்?" என்பதற்கு, சில பக்கங்கள் எழுத முடியும்.

இந்த ஆட்டம் மிகப் பழையதல்ல. 1980களில் வெவ்வேறு ஊர்களில், ஒருவரையொருவர் அறியாத சிலர் தனித்தனியே இதைக் கண்டுபிடித்தார்கள். அலாஸ்காவில் சீவர்ட் என்ற சிற்றூரில் ஜார்ஜ் பெக், கனடாவின் மேற்குக் கரையில் கிரிஸ் ஹோம். பின்னவர் தொழிலால் நிலவியலாளர். சாதாரண வண்டிகள் மலையில் உடைந்துபோனதால் உறுதியான வண்டிகளைத் தன் பெயரிலேயே தயாரிக்கத் தொடங்கினார். 2012இல் இக்கலைக்கு ஒரு கையேடும் எழுதினார். நான் ஓட்டுவதும் அந்தக் கரையில்தான். வான்கூவருக்கு வடக்கே ஃப்ரோம், சீமோர் என்று இரு மலைகள். வருடத்தில் பாதி நாள் மழை. சிடார் மரங்களின் வேர்கள் பாதையின் குறுக்கே நனைந்து, சோப்புப் பூசியதுபோலப் பளபளத்துக் கிடக்கும்.

இவ்வண்டியின் எளிமை கொஞ்சம் கொடூரமானது. சங்கிலி இல்லை. கைப்பிடிக் கம்பி இல்லை. அதிர்ச்சி தாங்கும் ஸ்பிரிங் இல்லை. மிதிகட்டை நேரே சக்கரத்தின் அச்சில் பூட்டப்பட்டிருக்கிறது. சக்கரம் சுழலும்வரை கால்களும் சுழன்றாக வேண்டும். சைக்கிளில் இறக்கத்தில் மிதிக்காமல் சும்மா உட்கார்ந்து வரலாம், இதில் அந்தச் சுகம் கிடையாது. எனவே சைக்கிளில் ஐந்தாறு உறுப்புகள் பகிர்ந்துகொள்ளும் வேலைகளை இங்கே டயர் ஒன்றே செய்ய வேண்டியிருக்கிறது. அதுவே கியர், அதுவே ஸ்பிரிங், பாதி திசைமாற்றியும் அதுவே. டயரை மாற்றுவது கிட்டத்தட்ட வண்டியையே மாற்றுவதுதான்.

முதலில் கியர். என்னுடையது 24 அங்குல ரிம், 3 அங்குல டயர். கடைக்காரர் 24 என்று எழுதினாலும், அந்தக் கொழுத்த டயரை மாட்டியபின் வெளிவிட்டம் 26 அங்குலத்துக்கு வந்துவிடுகிறது. மிதி ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.07 மீட்டர். நிமிடத்துக்கு 60 சுற்று என்றால் மணிக்கு 7.4 கிலோமீட்டர். விறுவிறுப்பாக நடப்பவரைவிடச் சற்றே வேகம், அவ்வளவுதான்.

அடுத்தது காற்று. இதில்தான் அகலத்தின் அருமை தெரிகிறது. டயரின் அகலம் 2.1 அங்குலத்திலிருந்து 3 அங்குலமானால் குறுக்குப் பரப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. உள்ளே காற்றும் அப்படியே. வண்டியோடு சேர்ந்து என் எடை 82 கிலோ, அதாவது சுமார் 180 பவுண்டு. இது முழுவதும் ஒரே இடத்தில் இறங்குகிறது. டயரில் சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு காற்று அடித்தால், தரையைத் தொடும் பரப்பு சுமார் 6 சதுர அங்குலம். 20 பவுண்டாகக் குறைத்தால் 9 சதுர அங்குலம். உள்ளங்கையளவுகூட இல்லை. உலகத்தோடு எனக்குள்ள உறவு அந்தப் பரப்பில் நடக்கிறது. ஒல்லி டயரில் 20 பவுண்டு வைத்துக்கொண்டு ஒரு பாறை விளிம்பில் இறங்கினால் ரிம் தரையில் இடித்து, பாம்பு கடித்தாற்போல ட்யூபில் இரண்டு ஓட்டை விழும். அகல டயர் அதைத் தாங்கிக்கொள்ளும்.

குறைந்த காற்றில் டயர் வேரை விழுங்கிக்கொண்டு நகர்கிறது. கூடுதல் காற்றில் வேர் டயரைத் துப்பிவிடுகிறது. ஆனால் மிகவும் குறைத்தால் வேறு தொல்லை. பாதை பக்கவாட்டில் சரிந்திருக்கும் இடங்களில் சக்கரம் தன் விருப்பத்துக்கு ஒரு பக்கமாக இழுக்கும். நாம் இடுப்பைத் திருப்பித் திருப்பி அதனோடு வாதாட வேண்டும். குறுகிய ரிம்மில் அகல டயர் போட்டால் அது மடங்கிப் புரளும். 45 மில்லிமீட்டர் அளவுக்காவது ரிம் அகலமாக இருந்தால் நிலைத்து நிற்கும். பிறகு பட்டன்கள். சதுரமான பெரிய பட்டன்கள் சேற்றைக் கவ்வும். ஆனால் நின்ற இடத்தில் உடலை முறுக்கித் திரும்பவேண்டிய நமக்கு அவையே முட்டுக்கட்டை. வட்டமான முகப்பும் நடுத்தர உயரப் பட்டன்களும் உள்ள டயரே பொதுவாக ஒத்துவருகிறது.

இவ்வளவும் சொன்னபின் எடையைச் சொல்லாமல் விடமுடியாது. மூன்று அங்குல டயர் ஒரு கிலோவைத் தாராளமாகத் தாண்டும். விளிம்பில் இருக்கும் எடை, வேகத்தைக் கூட்டும்போது ஏறத்தாழ இருமடங்காகத் தன்னைக் காட்டிக்கொள்ளும். ஒற்றைச்சக்கரத்தில் சமநிலை என்பது ஒரு நிலையே அல்ல, ஓயாத திருத்தம். உடல் முன்னே சாயும்போது சக்கரத்தை முடுக்கி அதன் அடியில் கொண்டுசேர்க்க வேண்டும். பின்னே சாயும்போது தாமதப்படுத்த வேண்டும். ஒவ்வொரு மிதியிலும் இது நடக்கிறது. ஒவ்வொரு முறையும் அந்தக் கனத்தை முழங்கால் உணர்கிறது.

என் இடது முழங்காலின் குருத்தெலும்பு தேய்ந்திருக்கிறது. ஐம்பதைக் கடந்தவனுக்கு இது செய்தியே அல்ல. இறங்கும்போது அதிர்ச்சியைக் குறைத்துக்கொள்ளுங்கள், ஏறும்போது பளுவைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றார் மருத்துவர். அதிர்ச்சி குறைய அகல டயர் வேண்டும், பளு குறைய ஒல்லி டயர் வேண்டும். முழங்காலைக் காப்பதற்காக வாங்கும் டயரைச் சுழற்றுவதும் அதே முழங்கால்தான். டயர் தேய்ந்து, புதிது வாங்க வேண்டிவந்தபோது இந்த முடிச்சை அவிழ்க்காமல் இனி மலைக்குப் போக முடியாது என்று ஆயிற்று.

கடையில் நமக்கென்று செய்த டயர் கிடைப்பது அரிது. நாங்கள் பிறருடைய மோகங்களின் மிச்சத்தில் வாழ்கிறவர்கள். 2000 வாக்கில் மலையிறக்கச் சைக்கிள்காரர்களுக்கு மூன்று அங்குல டயர்மேல் பித்துப் பிடித்தது. பின்லாந்தின் நோக்கியன் நிறுவனம் கஸ்ஸலோடி என்றொரு டயரைத் தந்தது. விரைவிலேயே அவர்கள் கனம் தாளாமல் அதைக் கைவிட்டார்கள். ஒற்றைச்சக்கரக்காரர்கள் அதைக் கட்டிக்கொண்டார்கள். உற்பத்தி நின்றபின் அதைத் தேடி அலைந்தார்கள், நின்றுபோன சிற்றிதழின் பழைய பிரதிகளைத் தேடுவதுபோல. 2005இல் சர்லி நிறுவனம் பனியில் ஓட்டவென்று 3.7 அங்குல டயரோடு ஒரு சைக்கிளைக் கொண்டுவந்தது. அந்த அலையும் எங்களை வந்தடைந்தது. அத்தனை அகலத்தில் கனமும் பக்க இழுப்பும் கூடின. அடுத்து சைக்கிள் உலகம் பெரிய சக்கரங்களுக்கு நகர்ந்தது. 29 அங்குலத்திலும் 27.5 அங்குலத்திலும் நல்ல டயர்கள் குவிந்தன. 24 அங்குலத்துக்கான தேர்வுகள் சுருங்கின.

சனிக்கிழமைகளில் என்னுடன் வரும் மூவரும் ஒருவர்பின் ஒருவராக 29 அங்குலத்துக்கு மாறிவிட்டார்கள். 2.4 அங்குல டயரோடு அந்தச் சக்கரம் ஒரு சுற்றுக்கு 2.33 மீட்டர் போகிறது. என்னுடையதைவிட எட்டில் ஒரு பங்கு அதிகம். ஒரே நீளமுள்ள க்ராங்கில் மிதிக்கும்போது, ஏற்றத்தில் முழங்கால்மேல் விழும் பளுவும் அதே எட்டில் ஒரு பங்கு கூடும். நம் பழைய வாய்பாட்டில் எட்டில் ஒரு பங்குக்கு அரைக்கால் என்று பெயர். அந்தச் சொல்லின் பொருத்தத்தை எண்ணி ஒருநாள் தனியே சிரித்துக்கொண்டேன்.

அவர்களோடு சேர்ந்து போக வேண்டுமானால் அரைக்கால் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். கொடுப்பதற்கு முழுக்காலே இல்லை. நண்பர்கள் இதைச் சொல்லவில்லை. "நீங்கள் மெதுவாகவே வாருங்கள்" என்றார்கள். மெதுவாக வருகிறவனுக்காகக் காத்திருப்பது எத்தனை வாரங்கள் இன்பமாக இருக்கும் என்ற கணக்கும் என்னிடம் இருந்தது. எந்த டயர் நல்லது என்பதற்குப் பொறியியல் பதில் சொல்லிவிடும். எதை இழக்கச் சம்மதம் என்பதற்கு அது பதில் சொல்வதில்லை.

மீண்டும் 24க்கு 3 வாங்கினேன். பட்டன் சற்றே தாழ்ந்தது, ஓரச்சுவர் மெல்லியது, பழையதைவிடக் கொஞ்சம் எடை குறைந்தது. 18 பவுண்டு காற்று. முதல் வாரம் ஃப்ரோம் மலையில் வேர்கள் நிறைந்த ஒரு சரிவில் அது ஒவ்வொரு வேரையும் முனகலோடு ஏற்றுக்கொண்டு இறங்கியது. முழங்கால் அன்றிரவு வீங்கவில்லை. ஒரு மணி நேரப் பாதையில் நான் இப்போது ஏழெட்டு நிமிடம் பிந்துகிறேன். முன்னே பேச்சுக்குரல் தேய்ந்து மறைந்தபின் சிடார் கிளைகளிலிருந்து நீர் சொட்டும் ஓசையும் ஈரமண்ணில் டயர் ஒட்டிப் பிரியும் ஓசையும் மட்டும் கேட்கின்றன. கீழே அவர்கள் பிளாஸ்கைத் திறந்து எனக்கொரு கோப்பை தேநீர் மிச்சம் வைத்திருக்கிறார்கள். இதுவரை அது ஆறிப்போனதில்லை.