ஒரே வண்டு, இரண்டு மஞ்சள்

பிள்ளைப்பாக்கம் சிப்காட் சாலையின் நடுத்திட்டு முழுக்கத் தங்கரளி. கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கையில் அந்த மஞ்சளைப் பார்த்தால், மனசு ஏரிக்கரை ஆவாரைக்குப் போய்விடும்.

"வண்டு வந்து போவட்டும் கண்ணு, அப்புறம் கிள்ளினு வா" என்பாள் ஆயா. உலர்த்திப் பச்சைப்பயறோடு அரைத்தால் குளியல்பொடி. ஆவாரை இலைக்காம்பின் அடியில் காதுமடல் மாதிரி இரண்டு செதில்கள் அகலமாக நிற்கும். பிய்த்து என் காதில் ஒட்டிக்கொள்வேன். தங்கரளியில் அது கிடையாது. இலை விளிம்பெல்லாம் ரம்பப் பல். ஒன்று கொன்றைக்குச் சொந்தம், மற்றது பாதிரி மரத்துக்கு.

ஆயாவின் அப்பா ஆவாரம்பட்டை உரித்துப் பல்லாவரம் தோல் ஷாப்புக்கு வண்டியேற்றியவராம். அந்தப் பட்டையில் பதனிட்ட தென்னாட்டுத் தோல் லண்டன் வரை விலைபோனது. பிறகு ஆப்பிரிக்க வாட்டில் பட்டை வந்தது, குரோம் உப்பு வந்தது. குரோம் தோல் ஆலை எழுந்த இடம்தான் இன்றைய குரோம்பேட்டை. ஆவாரையைத் தேடி வர ஆளில்லாமல் போயிற்று.

வண்டைப் பற்றி ஆயா சொன்னது எவ்வளவு சரி! ஆவாரம்பூவில் தேன் இல்லை. ஐந்து இதழும் தனித்தனி. பத்து மகரந்தத் தாள்களில் மகரந்தம் தருபவை நுனித் துளை வழியாகத்தான் அதைக் கொட்டும். கருவண்டு கட்டிப்பிடித்து உடம்பை அதிரவைத்தால்தான் பொடி உதிரும். அந்த ரீங்காரம் ஓய்ந்த பிறகுதான் ஆயா பறிக்கச் சொன்னாள்.

அதே கருவண்டு தங்கரளியில் வேறு ஆள். இதழ்கள் ஒட்டிய குழலுக்குள் நுழையாமல், வெளியே உட்கார்ந்து அடியைக் கீறித் தேனை உறிஞ்சிவிடும். குழலுக்குள் சூல்முடி இரண்டு உதடாகப் பிரிந்திருக்கிறது. ஈர்க்குச்சியால் தொட்டேன், மெல்ல மூடிக்கொண்டது. பார்க்கப் பார்க்க அலுக்காத வேலைப்பாடு.

அமெரிக்கக் கண்டத்துச் செடி அது, பஹாமாஸின் தேசியப்பூ. வெயில் தாங்கும் என்றுதான் இங்கே வைத்திருப்பார்கள். ஆவாரையும் தாங்கும், ஆடுமாடும் அதிகம் கடிக்காது. வெள்ளை வண்ணத்துப்பூச்சிகள் முட்டையிடுவது ஆவாரை இலையில், தங்கரளியில் அல்ல. தங்கரளி விதைக்குச் சிறகுண்டு, லாரிக் காற்றே போதும் பறக்க. பல நாடுகளில் அது காட்டுக்குள் பரவித் தொல்லையாகியிருக்கிறது. ஆவாரை விதை பெரும்பாலும் தாய்ச்செடியின் பக்கத்திலேயே விழும். யாராவது கொண்டுபோய் விதைக்க வேண்டும். வெந்நீரில் ஓர் இரவு ஊறவைத்தால் முளைத்துவிடும். சிப்காட் நர்சரிகள் இந்தப் பருவத்திலேயே தொடங்கலாம்.