தராசின் உண்ணாவிரதம்

குடும்பம் நடத்துகிறவர்கள் வீட்டிலுள்ள வாய்களை எண்ணும்போது மனிதர்களை மட்டும் எண்ணுவது வழக்கம். இந்தக் காலத்தில் அந்தக் கணக்குச் செல்லாது. சுவர்க் கடிகாரத்துக்கு ஒரு வாய் உண்டு. டெலிவிஷன் ரிமோட்டுக்கு ஒன்று, டார்ச் விளக்குக்கு ஒன்று, ரத்த அழுத்தம் பார்க்கும் கருவிக்கு ஒன்று. இவை அரிசி பருப்புக் கேட்பதில்லை, பாட்டரிதான் கேட்கும். பசி வந்தால் அழுவதுமில்லை; பேசாமல் வேலை நிறுத்தம் செய்துவிடும். கடிகாரம் நின்றால் மணி தெரியாது. ரிமோட் நின்றால் சேனல் மாறாது. அதனாலெல்லாம் குடி முழுகிப் போய்விடுவதில்லை. ஆனால் இந்த ஜாபிதாவில் சில வருஷங்களாக எடை பார்க்கும் யந்திரமும் சேர்ந்துகொண்டிருக்கிறது. பிறர் எடையைச் சொல்ல வேண்டிய தராசு தானே உண்ணாவிரதம் தொடங்கினால் என்ன நேரும் என்பதைத்தான் இங்கே சொல்லப் புகுந்தோம்.

நாம் வசிப்பது கோட்டூர்புரத்தில். ஒரு பக்கம் அடையாறு, இன்னொரு பக்கம் அண்ணா நூற்றாண்டு நூலகம், நடுவே மரங்களும் அடுக்கு மாடி வீடுகளும். இவ்வீடுகள் பலவற்றில் அறைகள் மூன்று இருக்கும், ஆட்கள் இருவர் இருப்பார்கள். இருவருக்கும் எழுபதுக்கு மேல் வயதாகியிருக்கும். பிள்ளைகள் கடல் கடந்து போயிருப்பார்கள். வருஷத்துக்கொருமுறை அவர்கள் வரும்போது பெட்டியில் பாதாம் பருப்போடு புதிய யந்திரம் ஒன்றும் வந்து இறங்கும். பெற்றோரைப் பக்கத்திலிருந்து கவனிக்க முடியவில்லையே என்ற ஏக்கத்துக்கு அந்த யந்திரம் ஒரு பரிகாரம்.

நம் வீட்டில் அன்னையாரும் தந்தையாரும் நம்முடனேயே இருக்கிறார்கள். ஆயினும் கலிபோர்னியாவிலுள்ள நம் தம்பிக்கும் அந்த ஏக்கம் உண்டு. அவன் கொண்டுவந்ததுதான் இந்தக் கம்பியில்லாத் தராசு. பார்வைக்குக் கறுப்புக் கண்ணாடிப் பலகை. அதன் நான்கு மூலைகளிலும் உள்ள கால்களில் சிறு உலோகத் துண்டுகள் இருக்கின்றன. நாம் ஏறி நின்றதும் அவை மயிரிழையளவு வளைகின்றன. வளையும்போது அவற்றின்மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய கம்பியின் மின் தடை சற்று மாறுகிறது. அந்த மாறுதலை அளந்து எடையாகக் காட்டுகிறது யந்திரம். இந்தக் கம்பி உபாயத்தை 1938-ஆம் வருஷத்தில் ஸிம்மன்ஸ், ரூஜ் என்ற இரண்டு அமெரிக்கர்கள் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். அளக்கும் சுற்று அதற்கும் நூறு வருஷம் மூத்தது. 1833-இல் கிறிஸ்டி என்பவர் வகுத்து, பிற்பாடு வீட்ஸ்டன் என்பவர் பெயரால் பிரசித்தமானது. புதிதாகச் சேர்ந்தது ஒன்றுதான்: எடையைக் கண்டதும் வீட்டிலுள்ள வை-பை மூலமாக அதைச் சமுத்திரத்துக்கு அப்பால் அனுப்பிவிடுவது. நம் அன்னையார் காலை ஆறரை மணிக்கு ஏறி இறங்கினால், காப்பி கலந்து முடிவதற்குள் தம்பியின் கைப்பேசியில் அவருடைய எடை போய் உட்கார்ந்திருக்கும்.

இது வெறும் விளையாட்டல்ல. அன்னையாருக்கு இதயம் பலவீனம். இதயம் சரியாக இறைக்காவிட்டால் உடம்பில் நீர் தங்குகிறது. நீர் தங்குவது காலில் வீக்கமாகவும் மூச்சு வாங்குதலாகவும் தெரிவதற்கு முன்பே எடையில் தெரிந்துவிடும். ஆகையால் வைத்தியர் உத்தரவு இது: "தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு, ஆகாரத்துக்கு முன்பு, ஒரே தராசில் எடை பாருங்கள். மூன்று நாளைக்குள் இரண்டு கிலோ ஏறினால் எனக்கு உடனே சொல்லுங்கள்." நீர் மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் இந்த எண்ணைப் பொறுத்திருக்கிறது. சரியான சமயத்தில் தெரிந்தால் மாத்திரையோடு போகும். தெரியாவிட்டால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கொண்டுபோய் விடும்.

இப்படிப்பட்ட யந்திரம் ஒரு புதன்கிழமை காலையில் கண்ணை மூடிக்கொண்டது. அன்னையார் ஏறினார், எண் வரவில்லை. இறங்கி மறுபடி ஏறினார். கண்ணாடியில் அவர் முகந்தான் தெரிந்தது. பாட்டரி தீரப் போவதை யந்திரம் முன்கூட்டியே தெரிவிக்கவில்லையா என்று நேயர்கள் கேட்கலாம். பேஷாகத் தெரிவித்தது, ஆனால் தம்பியின் கைப்பேசிக்குத் தெரிவித்தது! பசி கோட்டூர்புரத்தில், விண்ணப்பம் கலிபோர்னியாவில். அவனோ மாலையில் ஆபீஸிலிருந்து காரில் வீடு திரும்புகிற நேரம். நாள் முழுவதும் வந்து குவிகிற நூறு அறிவிப்புகளில் இதுவும் ஒன்றாகப் போயிற்று. மறு நாள் எண் வராததைக் கண்ட பிறகுதான் அவனிடமிருந்து டெலிபோன் வந்தது: "அண்ணா, அம்மா எடை ஏன் வரவில்லை?"

தராசைக் கவிழ்த்து மூடியைத் திறந்தால் உள்ளே நான்கு சின்னப் பென்சில் கட்டைகள். மூலைக் கடையில் கிடைக்காத சாமானா? கிடைத்தது. மலிவாகவும் கிடைத்தது. போட்டோம். கண்ணாடியில் வெளிச்சம் வந்தது. வீட்டில் எல்லார் முகத்திலும் வெளிச்சம் வந்தது. அன்னையார் ஏறினார். வட்டமாக ஒரு கோடு சுழன்றது, சுழன்றது, அணைந்துவிட்டது.

இதன் காரணம் தெரிந்துகொள்ளத் தக்கது. கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் மலிவுக் கட்டை துத்தநாகமும் கார்பனும் கொண்டது. கடிகாரத்துக்கும் ரிமோட்டுக்கும் அது தாராளமாகப் போதும். அவை சொட்டுச் சொட்டாகக் குடிப்பவை. எடை அளப்பதற்குக்கூட அதிக மின்சாரம் வேண்டியதில்லை. வை-பையில் பேசுவதோ ஒரே மடக்கில் குடிக்கிற காரியம். அந்தக் கணத்துக்குச் சில நூறு மில்லி ஆம்பியர் வேண்டும். மலிவுக் கட்டையின் உள் தடை அதிகமாகையால் அப்போது வோல்டு தடாலென்று விழுகிறது. யந்திரம் மயங்கி விழுகிறது. ஆல்கலைன் என்று மேலே அச்சிட்ட கட்டைதான் இந்தச் சுமையைத் தாங்கும். சரி, மின்சாரம் ஏற்றி ஏற்றி உபயோகிக்கும் கட்டை இருக்கிறதே, அதைப் போட்டால் என்ன? வியாழக்கிழமை அதையும் போட்டுப் பார்த்தோம். அதற்குப் பலத்தில் குறைவில்லை, வோல்டில்தான் குறைவு. சாதாரணக் கட்டைக்கு ஒன்றரை வோல்டு. இதற்கு ஒன்றேகால் வோல்டு கூட இல்லை, 1.2 தான். நான்கும் சேர்ந்து ஆறு வோல்டு இருக்க வேண்டிய இடத்தில் 4.8 கண்டதும், தனக்குப் பழைய கட்டையைக் கொடுத்து ஏமாற்றுகிறார்கள் என்று யந்திரம் தீர்மானித்துவிட்டது. பாட்டரிப் படம் ஒன்றைக் காட்டிவிட்டு மறுபடியும் மௌனம்.

வெள்ளிக்கிழமை காலையில் அன்னையார், "இந்த மெட்டி ஏன் இப்படிப் பிடிக்கிறது?" என்றார்.

காலைப் பார்த்தோம். கணுக்காலுக்கு மேல் கட்டை விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்தது. பள்ளம் உடனே நிரம்பவில்லை. வைத்தியருக்கு டெலிபோன் செய்தோம். அவர் கேட்ட முதல் கேள்வி, "எடை எவ்வளவு?" பக்கத்து வீட்டில் முள் சுழலும் பழைய தராசு ஒன்று உண்டு. அதைக் கொண்டுவந்து அன்னையாரை ஏற்றினோம். முள் ஐம்பத்தைந்தைக் காட்டியது. வைத்தியரிடம் சொன்னோம்.

"அந்தத் தராசில் போன வாரம் எவ்வளவு?" என்றார் அவர்.

அந்தத் தராசில் போன வாரம் யார் ஏறினார்கள்? ஒரு தராசுக்கும் இன்னொரு தராசுக்கும் ஒரு கிலோ வித்தியாசம் இருப்பது சகஜம். வைத்தியருக்கு வேண்டியது எடையல்ல, எடையின் ஏற்றம். "மூச்சு வாங்கினால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் அழைத்து வாருங்கள், இல்லாவிட்டால் உங்கள் பழைய தராசின் எண்ணை இன்றைக்குள் சொல்லுங்கள்" என்றார்.

அடையாறில் ஒரு கடையில் நான்கு ஆல்கலைன் கட்டைகள் வாங்கிக்கொண்டு திரும்பினோம். நான்கையும் ஒரே சமயத்தில் மாற்றினோம். பழையதும் புதியதுமாகக் கலந்தால் பழையது புதியதையும் கெடுத்துவிடும். யந்திரம் கண் விழித்தது. அன்னையார் ஏறினார். எண்ணைப் படித்தார். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"நூற்றுப் பத்தொன்பதரை!" என்றார்.

விஷயம் இதுதான். பாட்டரியைக் கழற்றியதும் யந்திரம் வளர்ந்த இடத்தை மறந்து பிறந்த இடத்தை நினைத்துக்கொண்டது. அமெரிக்காவில் விற்ற சரக்கல்லவா? கிலோ போய் ராத்தல் வந்துவிட்டது. நம் தேசம் 1956-ஆம் வருஷத்தில் சட்டம் இயற்றி, 1958 அக்டோபரிலிருந்து படிப்படியாக ராத்தலையும் வீசையையும் மணங்கையும் விடைகொடுத்து அனுப்பியது. அவ்வளவு பாடுபட்டு அனுப்பிய ராத்தல், குளியலறை வழியாகத் திரும்பி வந்து நம் அன்னையாரைப் பயமுறுத்துகிறது! அதைக் கிலோவாக்குவதற்கு யந்திரத்தில் பொத்தான் கிடையாது; தம்பியின் கைப்பேசியில்தான் மாற்ற வேண்டுமாம்.

தந்தையார் கைப்பேசியை நம்பிக் காத்திருக்கவில்லை. பால் கணக்கு எழுதுகிற பென்சிலை எடுத்து 119.5-ஐ 2.2046-ஆல் வகுத்தார். 54.2 கிலோ என்று வந்தது. பிறகு எழுந்து போய், சமையலறைச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டரின் எதிரில் நின்றார்.

அந்தக் காலண்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தராசு வந்த நாள் முதல், ஒவ்வொரு காலையும் அன்னையார் இறங்கியதும் தந்தையார் அன்றையத் தேதிக் கட்டத்தில் எடையைப் பென்சிலால் எழுதி வந்தார். "எல்லாம் கைப்பேசியில் தானே பதிவாகிறது, அப்பா, வளைகோடாகவே பார்க்கலாம்" என்று தம்பி பல தடவை சொல்லியிருக்கிறான். "அது உனக்கு, இது எனக்கு" என்பார் அவர். செவ்வாய்க்கிழமைக் கட்டத்தில் 52.0 என்று இருந்தது. புதன், வியாழன் கட்டங்கள் காலி. வெள்ளிக்கு 54.2. ஆக, மூன்று நாளில் இரண்டு கிலோவும் கொசுறும்.

வைத்தியரிடம் சொன்னோம். அவர் நீர் மாத்திரையைக் கூட்டினார். உப்பையும் நீரையும் இன்னும் சுருக்கச் சொன்னார். மறு வாரம் புதன்கிழமை கட்டத்தில் 52.3 என்று தந்தையார் எழுதினார். மெட்டி தளர்ந்துவிட்டது.

இதற்கிடையில் தராசை மறுபடியும் அமெரிக்காவுடன் பேச வைக்கும் முயற்சியும் நடந்துகொண்டிருந்தது. பட்டினி கிடந்ததில் அது வீட்டு வை-பையின் பெயரையும் ரகசிய வார்த்தையையும் மறந்திருந்தது. நம் வீட்டுப் பெட்டி இரண்டு வித அலைகளில் பேசுகிறது, தராசுக்கோ 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற ஒன்றுதான் காதில் விழும். நம் கைப்பேசி வேகமான ஐந்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் வரையில் ஒன்றுக்கொன்று அறிமுகமே ஆகவில்லை. அந்தத் தடையைத் தாண்டியதும் ஆறு இலக்க எண் ஒன்றைக் கேட்டது. எண் தம்பிக்குப் போகும். பத்து நிமிஷந்தான் உயிரோடிருக்கும். இங்கே சாப்பாடு முடிந்து பன்னிரண்டரை மணிக்கு நாம் உட்கார்ந்தால் அங்கே நடு நிசி. ஞாயிற்றுக்கிழமை இரவு ஒருவழியாக எல்லாம் கூடி வந்து, தம்பியின் கைப்பேசிக்கு அம்மாவின் எடை போய்ச் சேர்ந்தபோது, அது குறையத் தொடங்கி இரண்டு நாள் ஆகியிருந்தது.

தம்பியின் அன்பில் நமக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. விஞ்ஞானத்தின்மேலும் வெறுப்பில்லை. பழைய முள் தராசை விட இது நுட்பமாக அளக்கிறது என்பதும் உண்மை. நமக்குள்ள ஆட்சேபம் ஒன்றே. எடை பார்ப்பதற்குச் சிறிது மின்சாரம் போதும். பேசுவதற்குத்தான் நிறைய வேண்டும். பேச முடியாத சமயத்தில் பேச்சை விட்டுவிட்டு எடையையாவது காட்டும்படி அதைச் செய்திருக்கலாமே? முன்னாளில் ரயில் நிலையங்களில் நின்ற எடை யந்திரம், காசு போட்டதும் அட்டைச் சீட்டைத் தள்ளும். ஏறினவர் கையில்தான் தள்ளும். தராசு முதலில் தன்மேல் நிற்கிறவருக்குப் பதில் சொல்ல வேண்டும். பிறகு யாருக்கு வேண்டுமானாலும் கடிதம் எழுதட்டும். 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டு கோட்டூர்புரத்துக்குள் புகுந்தபோது மின்சாரமும் போயிற்று, டெலிபோனும் போயிற்று. அப்படிப்பட்ட நாட்களிலும் இதயம் பலவீனமானவர்கள் இந்தப் பேட்டையில் இருந்தார்கள், இனியும் இருப்பார்கள்.

ஆகவே, பெற்றோருக்குத் தராசு வாங்கும் பிள்ளைகள் சில கேள்விகளைக் கடையிலேயே கேட்டுவிடுவது நலம். கைப்பேசி இல்லாமல் எண்ணைக் காட்டுமா? கிலோவுக்கு மாற்றும் பொத்தான் யந்திரத்திலேயே உண்டா? பாட்டரி தீரப் போகிற செய்தி வீட்டிலிருப்பவர் கண்ணில் படுமா? எந்தக் கட்டை வேண்டும், அது பெற்றோரின் தெருவில் கிடைக்குமா? தீர்ந்த கட்டைகளையும் குப்பையோடு கலந்து எறியலாகாது. அவற்றைத் தனியே கொடுக்க வேண்டும் என்று 2022-ஆம் வருஷத்துப் பாட்டரிக் கழிவு விதிகள் சொல்கின்றன. நம் வீட்டில் அதற்கென்று ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் ஏற்பட்டிருக்கிறது; பன்னிரண்டு கட்டைகள் சேர்ந்திருக்கின்றன.

தந்தையார் இப்போது காலண்டர் மாட்டியிருக்கும் ஆணியிலேயே ஒரு சிறு பையையும் மாட்டியிருக்கிறார். அதில் நான்கு ஆல்கலைன் கட்டைகளும், 2.2046 என்று எழுதிய ஒரு துண்டுக் காகிதமும் இருக்கின்றன. தம்பி கேட்டால் வளைகோடு கலிபோர்னியாவில் இருக்கிறது. வைத்தியர் கேட்டால் பென்சில் எழுத்து சமையலறையில் இருக்கிறது. இரண்டும் இருப்பதில் நமக்கு மிகவும் திருப்தி. ஒன்றுதான் இருக்க முடியும் என்றால், சமையலறையில் இருப்பதே இருக்கட்டும்.