கை காட்டிய ராணி

பி.காம். படிக்கிறவனுக்கு ஓவியத்தைப் பத்தி என்ன தெரியும்னு நீங்க கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனா நான் சொல்லப்போற படம் ஒரு விளம்பரம்னு சொல்றாங்க. விளம்பரம் எங்க பாடத்துல வருது. அந்த தைரியத்துல எழுதுறேன்.

17-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவுல, பரோக் காலம்னு சொல்றாங்களே, அப்போ ஆண்டனி வான் டைக் மாதிரி ஓவியர்கள் அரண்மனைப் பெண்களை வரைஞ்சு தள்ளினாங்க. பட்டு, முத்து, பின்னாடி ஒரு திரை. கை எங்க இருக்கணும், முகம் எந்தப் பக்கம் திரும்பணும், எல்லாமே கணக்கு. பார்க்கிறவன் பார்த்ததுமே மரியாதையா நிக்கணும், அவ்வளவுதான் நோக்கம். அந்த வழியில வந்த கலையைக் கத்துக்கிட்டவங்க பிற்பாடு கம்பெனிக் காலத்துல நம்ம ஊருக்கும் வந்தாங்க. அதுல ஒருத்தர் தாமஸ் ஹிக்கி, அயர்லாந்துக்காரர். 1824-இல் நம்ம சென்னையிலதான் இறந்தார்.

1805 வாக்கில அவர் மூணு பெண்களை வரைஞ்சார். ரொம்ப நாள் அவங்களை நாட்டியக்காரிங்கன்னே நினைச்சாங்க. நைஜல் சான்சலர்னு ஒரு வரலாற்று ஆய்வாளர்தான், இல்லை, இவங்க மைசூர் அரண்மனைப் பெண்கள்னு சொன்னார். நடுவுல ராஜாவோட பாட்டி லட்சுமி அம்மணி. ரெண்டு பக்கமும் ராஜா மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரோட ரெண்டு மனைவிகள். ரெண்டு பேருக்குமே பேரு தேவஜம்மணி. வலப்பக்கம் இருக்கிற சின்ன ராணி, சேலையை ஒதுக்கி இடது கையைக் காட்டுறாங்க. அங்கதான் அம்மை குத்தின இடம் இருக்குன்னு சான்சலர் சொல்றார். கல்யாணத்துக்காக அவங்க மைசூர் வந்தது 1805-இல். அப்போ வயசு 12!

எட்வர்ட் ஜென்னர் மாட்டம்மையை வெச்சு பெரியம்மைக்குத் தடுப்பூசி கண்டுபிடிச்சது 1796-இல். இந்தியாவுல முதல்ல போட்டது 1802 ஜூன்ல, பம்பாயில, மூணு வயசுக் குழந்தைக்கு. அப்போ குளிர்பதனப் பெட்டி ஏது? ஊசி போட்ட ஒருத்தர் கையில கிளம்புற கொப்புளத்து நீரை எடுத்து அடுத்தவர் கையில குத்தணும். கையிலிருந்து கைக்கு. சாதி பார்க்கிற ஊர்ல இது எவ்வளவு பெரிய சிக்கல்னு சொல்லவே வேண்டாம். ராணியே கையை நீட்டிட்டாங்கன்னா அப்புறம் யாரு மறுப்பாங்க? கம்பெனியோட கணக்கு இதுதான். 1799-இல் திப்பு இறந்ததும் சின்னப் பையனா இருந்த கிருஷ்ணராஜரை அரியணையில உட்கார வெச்சதும் அதே கம்பெனிதான். உட்கார வெச்சவன் கேட்கிறப்போ முடியாதுன்னு சொல்ற இடத்துல அரண்மனை இல்லை. 12 வயசுப் பொண்ணு எங்க சொல்லப்போகுது?

இந்த இடம்தான் எனக்கு உறுத்துது. நல்ல காரியம்தான், சந்தேகமே இல்லை. ஆனா விளம்பரத்துல நிக்கிற ஆளோட விருப்பம் எந்தப் பேரேட்டுலயும் வர்றதில்லை.

அம்பத்தூர்ல எங்க ஆயா கையிலயும் வட்டமா ரெண்டு தழும்பு இருக்கு, அம்மை குத்தினது. (என் கையில இருக்கிறது பி.சி.ஜி., அது காசநோய்க்கு.) அம்மைன்னா ஆயாவுக்கு வியாதி இல்லை, ஆத்தா. வருஷா வருஷம் ஆடி மாசம் திருவேற்காடு கருமாரியம்மனைப் பார்க்காம இருக்காது. ஆனா 2021-இல் கொரோனா ஊசிக்குப் பயந்து பக்கத்து வீட்டு அக்கா கதவைச் சாத்திக்கிட்டப்போ, ஆயா போய்க் கையைத் தூக்கிக் காட்டுச்சு. "இதைக் குத்துறப்பவும் செத்துருவோம்னுதான்டி சொன்னாங்க. எழுபது வயசாச்சு, நின்னுட்டுதானே இருக்கேன்? வா, நான் முதல்ல போட்டுக்கிறேன்."

அக்கா வந்தாங்க. செல்போன்ல காலர் டியூனா வந்த அறிவிப்புக்கு அசையாதவங்க, ஆயாவோட தழும்புக்கு அசைஞ்சாங்க.

பெரியம்மை ஒழிஞ்சுபோச்சுன்னு உலக சுகாதார நிறுவனம் அறிவிச்சது 1980-இல். அதுக்குப் பின்னாடி எத்தனை டாக்டருங்க, எத்தனை சர்க்கார் உத்தரவு! அதோட, அடுத்த வீட்டுக்குப் போய்க் கையைக் காட்டின பேரு தெரியாத பொம்பளைங்களையும் சேர்த்துக்கணும்னு எனக்குத் தோணுது. அவங்களை எந்த ஹிக்கியும் வரையலை. ஆனா அவங்க யாரும் நிக்கச் சொல்லி நின்னவங்க இல்லை.