ஃபேர்லியை எங்கே தேடுவது?

மலேசியாவில் கேமரன் மலையின் ஊர்களையும் தோட்டங்களையும் தமிழில் தட்டி, சாதாரண நிரல் ஒன்றிடம் கொடுத்து அகரவரிசையில் அடுக்கச் சொல்லுங்கள். ஃபேர்லி தலைமாட்டில் வந்து உட்காரும், ஹபு கால்மாட்டுக்குப் போய்விடும். நடுவில் கம்போங் ராஜா, சுங்கை பாலாஸ், தானா ராத்தா, பிரிஞ்சாங், போ, ரிங்லெட். ஃபேர்லி, ஹபு இரண்டும் எங்கள் ரிங்லெட் பக்கம்தான். பட்டியலில் மட்டும் ஆளுக்கொரு கோடி.

காரணம் கணினியின் உள்ளே இருக்கிறது. யூனிகோடு ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறது. தமிழுக்கு ஒதுக்கிய அறைகளில் ஆய்தம் அகரத்துக்கும் முந்திய அறையில் இருக்கிறது. நாம் பள்ளியில் படித்ததோ ஔ முடிந்து ஃ, அதன் பிறகு க். 1991-ல் யூனிகோடு வந்தபோது இந்திய மொழிகளுக்கு ஏற்கெனவே இருந்த இஸ்கி அட்டவணையின் அமைப்பை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். தேவநாகரியின் வரிசைக்குப் போட்ட அறைகளில் தமிழ் எழுத்துகள் குடியேறின. அதனால் ந-வுக்கு அடுத்த வீட்டில் ன, ர-வுக்கு அடுத்த வீட்டில் ற. எண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் நிரலில் முனியம்மா முருகாயியை முந்திவிடுவார். அம்மாசிக்கு முன்னால் அமுதா வந்துவிடுவார், புள்ளியின் எண் உயிர்க்குறிகளின் எண்களுக்கெல்லாம் பிந்தியது என்பதால். இதைச் சரிசெய்யும் விதிகள் யூனிகோடு அமைப்பின் சி.எல்.டி.ஆர் தொகுப்பில் தமிழுக்கென்றே எழுதிவைக்கப்பட்டிருக்கின்றன. நிரல் எழுதுபவர் அவற்றைக் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். பல பேர் கூப்பிடுவதில்லை என்பதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு.

ஆனால் என்னைப் பிடித்துக்கொண்ட கேள்வி வேறு. விதிப்படி அடுக்கினாலும் ஃபேர்லியைத் தேடுகிறவர் ஔ-வுக்கும் க்-குக்கும் நடுவில் போய்ப் பார்ப்பாரா? எங்கள் ஊரில் அதைப் பேர்லி என்றுதான் சொல்கிறோம். தேடும் விரல் ப-வுக்குத்தான் போகும்.

மென்பொருள் கையேடுகளின் கடைசிப் பக்கங்களில் வரும் சொல்லடைவைத் தயாரிப்பது என் பிழைப்பு. அங்கேயும் இதே தலைவலிதான். எழுத்தே இல்லாத குறிகள் வரும்: &, \, ?:, --. இவற்றை எந்த எழுத்தில் வைப்பது? கணினியின் எண்வரிசையில் விட்டால் அந்த எண்களை மனப்பாடம் செய்தவருக்கு மட்டுமே அடைவு பயன்படும். கெர்னிகனும் ரிட்சியும் எழுதிய 'சி' மொழிப் புத்தகத்தின் இரண்டாம் பதிப்பு 1988-ல் வந்தது. அதன் சொல்லடைவின் தொடக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி. குறிகளை முன்னால் தனியாகத் திரட்டி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதன் ஆங்கிலப் பெயரை எழுதி, அந்தப் பெயரின் அகரவரிசையில் அடுக்கியிருக்கிறார்கள். கூட்டல் குறி 'அடிஷன்' என்பதால் மேலே, கழித்துக் குறைக்கும் -- 'டிக்ரிமெண்ட்' என்பதால் கொஞ்சம் கீழே. குறியை வாயால் எப்படிச் சொல்கிறோமோ அங்கே அது இருக்கிறது.

இந்த ஒழுங்கை நான் முதலில் பார்த்தது அந்தப் புத்தகத்தில் அல்ல. எங்கள் தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதிய பழைய கிராணியாரிடம் ஒரு நீளமான நோட்டு இருந்தது. செக்ரோல் என்ற ஆள்கணக்கு ஏடு தோட்டத்துக்குச் சொந்தம், அதில் ஆட்கள் காலையில் கூடி நிற்கும் பெரட்டு வரிசைப்படி, கூட்டம் கூட்டமாக இருப்பார்கள். இந்த நோட்டு அவருடைய சொந்த உழைப்பு. தாள்களின் வலது ஓரத்தைப் பிளேடால் படிப்படியாக வெட்டி, ஒவ்வொரு படியிலும் சிவப்பு மையில் ஓர் எழுத்து போட்டிருந்தார். அ, இ, க, ச, த, ந, ப, ம, ர, ல, வ. ஆள் பெயர் தொடங்காத எழுத்துக்குப் படி வெட்டவில்லை. ஜானகி, ஷண்முகம், ஸ்டெல்லா மூவரும் ச-வில் இருந்தார்கள். இ பக்கத்தின் தலையில் மட்டும் ஆள் பெயருக்குப் பதிலாக மூன்று வரிகள்:

இராமாயி, இராமசாமி – ர பார்.
இலெட்சுமி – ல பார்.
இஸ்டெல்லா – ச பார்.

பள்ளிக்கூட வாத்தியார் இலக்கணப்படி இராமாயி என்று கேட்பார். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் எல்லாருக்கும் அவர் ராமாயி. கிழவிகளின் நாக்கில் ஸ்டெல்லாவுக்கு முன்னால் ஓர் இகரம் தானாக ஒட்டிக்கொள்ளும். மூன்று பேரும் கேட்டது கிடைக்க வேண்டும் என்று அந்த மூன்று வரிகள். முனியம்மாக்கள் நிறைய. ஒவ்வொருவர் பக்கத்திலும் மேட்டு லயம், கோயில் லயம், ஆற்றோரம் என்று குறித்திருந்தார். ஒருவருக்கு மட்டும் 'கண்ணாடி' என்று இருந்தது. அப்போது தேயிலை எடுக்கும் பெண்களில் மூக்குக்கண்ணாடி போட்டவர் அவர் ஒருவர்தான்.

சின்னப் பையனாக ஆபீஸ் ஜன்னலில் தொங்கிக்கொண்டு நான் அவரைக் கேட்டிருக்கிறேன்: "எல்லாரையும் உங்களுக்குத் தெரியுமே, ஐயா, இது எதுக்கு?"

"நான் இல்லாத அன்னைக்கும் ஆளு கிடைக்கணும்ல, தம்பி" என்றார்.

ஒரு பக்கத்துக்குள் அவர் வரிசை பார்த்ததில்லை. வந்து சேர்ந்தவர் வந்து சேர்ந்தபடி எழுதிக்கொண்டு போனார். முதலெழுத்தை மட்டும் பார்த்து அடுக்குவது தமிழில் பழைய முறைதான். புலியூர்ச் சிதம்பர ரேவண சித்தர் 1594-ல் செய்த அகராதி நிகண்டு அப்படித்தான் இருக்கிறது. அதற்கு முந்திய நிகண்டுகள் தேவர், மக்கள், விலங்கு என்று பொருள்வகையாகப் பிரித்தவை. பாட்டாக மனத்தில் ஏற்றிக்கொண்டவருக்குத் தேடவே வேண்டியதில்லை. வீரமாமுனிவரின் சதுரகராதி 1732-ல் வந்தபோதுதான் இரண்டாம் எழுத்து, மூன்றாம் எழுத்து என்று உள்ளே போய் அடுக்கும் வழக்கம் நம்மிடம் உறுதிப்பட்டது. மனப்பாடம் இல்லாத ஒருவர், வேற்றூர்க்காரர்கூட, தானாகப் புரட்டிக் கண்டுபிடிக்கலாம் என்ற நிலை அப்போது வந்தது. கிராணியார் இதையெல்லாம் படித்திருக்க மாட்டார். 'பார்' என்று அவர் போட்ட சொல்லைச் சொல்லடைவுக்காரர்கள் இன்று 'காண்க' என்று போடுகிறோம்.

1980-களில் பெஹோங் சென் எழுதிய மேக்இண்டெக்ஸ் என்ற நிரலில் இந்த வேலைக்கு ஒரு குறியே உண்டு: @. அதற்கு இடப்பக்கம் எழுதுவது அடுக்குவதற்கான வடிவம், வலப்பக்கம் எழுதுவது அச்சில் தெரியும் வடிவம். பேர்லி@ஃபேர்லி என்று எழுதினால் ப-வில் அமர்ந்து ஃ-வுடன் தெரியும்.

மலேசியத் தமிழருக்கு @ புதிதல்ல. அடையாள அட்டையில் பாப்பாத்தி @ லெட்சுமி என்று இருந்தால், இரண்டும் ஒரே ஆள். பதிவில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர். ஒருவருக்கு இரண்டு வாசல் உண்டு என்பதை அரசாங்கமே ஒப்புக்கொண்டு போட்ட குறி அது. அடைவு நிரலிலும் அதே குறி ஏறக்குறைய அதே வேலையைச் செய்வதைக் கண்டபோது எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

எங்கள் இன்னொரு குறிக்கு அந்த வரவேற்பு கிடையாது. குடும்பப்பெயர் இல்லாத நமக்கு அட்டையில் ஏ/எல், ஏ/பி உண்டு. இன்னாரின் மகன், இன்னாரின் மகள். நடுவில் நிற்கும் சாய்கோடு கணினிக்கு ஆகாது. கோப்பின் பாதையில் அது உறைகளைப் பிரிக்கும் குறி, ஆகவே கோப்புப் பெயராக முருகன் ஏ/எல் சாமி என்று சேமிக்க முடியாது. விமானப் பயணப் பதிவில் அது குடும்பப்பெயரையும் சொந்தப்பெயரையும் பிரிக்கும் குறி, ஆகவே அங்கே கோடு விழுந்து ஏஎல் என்று ஒட்டிப்போகிறது. படிவம் ஒன்றில் அப்பா பெயரோடு என் பெயரைத் தட்டியபோது 'சிறப்புக் குறிகளை நீக்கவும்' என்று சிவப்பில் வந்தது. அப்பாவுக்கும் எனக்கும் நடுவில் இருக்கும் கோடு அது. அதை ஏற்பதற்கு நிரலில் சில வரிகள் போதும். எழுதிவிடலாம், எழுத வேண்டும்.

இப்போது எங்கள் பக்கத்துத் தமிழ்ப்பள்ளி மலருக்காகப் பழைய மாணவர் பெயரடைவு செய்துகொண்டிருக்கிறேன். ஏ/எல், ஏ/பி இரண்டும் அட்டையில் உள்ளபடியே அச்சாகும். அடுக்கும்போது மட்டும் அவற்றைத் தாண்டி, அடுத்து வரும் அப்பா பெயருக்குப் போகச் சொல்லியிருக்கிறேன். எண்வரிசையில் @ தமிழெழுத்துகளுக்கெல்லாம் முந்தியது. சும்மா விட்டால் முனியம்மாக்களில் @ உள்ளவர் மற்ற எல்லா முனியம்மாவையும் தள்ளிவிட்டு முன்னால் போய் நிற்பார், அதையும் தடுத்தாயிற்று. ஜ, ஷ, ஸ, ஹ நான்கையும் ன-வுக்குப் பின்னால் வைப்பதா, கிராணியார் வழியில் ஒலிக்கு நெருங்கிய எழுத்தோடு சேர்ப்பதா என்று தலைமையாசிரியருக்கும் எனக்கும் பேச்சு இன்னும் முடியவில்லை. அவர் ன-வுக்குப் பின்னால் வைக்கும் பேரகராதி முறையைச் சொல்கிறார், அதில் நியாயம் இருக்கிறது. @ உள்ளவர்களை இரண்டு பெயரிலும் முழுசாகப் போடுவது என்பதில் மட்டும் இருவரும் ஒன்று. பாப்பாத்தி ப-விலும் இருப்பார், லெட்சுமியாக ல-விலும் இருப்பார், இரண்டு இடத்திலும் பக்க எண்ணோடு. பக்கம் கூடுகிறதே என்று அச்சகத்தில் கேட்டார்கள். கூடட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.