தகடு பழகிய பேட்டை

எலெக்ட்ரானிக் சிட்டியை வெறும் கம்ப்யூட்டர் ஊராகப் பார்ப்பவர்களோடு எனக்குக் கொஞ்சம் வழக்கு உண்டு. சர்க்யூட் போர்டு எவ்வளவு உசத்தியானதாக இருந்தாலும் அதை உட்கார வைக்க ஒரு பெட்டி வேண்டும். அந்தப் பெட்டிகளை வெட்டி மடித்துக் கொடுத்த பட்டறைகளும் ஓசூர் ரோட்டு ஓரத்தில்தான் இருந்தன. அப்படி ஒரு பட்டறையில்தான் நான் தொழில் பழகினேன்.

கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் 1978இல், ஆர்.கே. பாலிகாவின் முனைப்பில், கோணப்பன அக்ரஹாரா, தொட்டதோகூரு கிராமங்களில் 332 ஏக்கர் எடுத்துத் தொடங்கிய பேட்டை இது. நான் வந்த தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இன்ஃபோசிஸ் இங்கே குடிவரவில்லை. ஓசூரில் பஸ் ஏறி, அத்திப்பள்ளி செக்போஸ்ட் நெரிசலைத் தாண்டினால், வழியெல்லாம் ராகி வயலும் தைல மரமும்தான்.

மேஸ்திரி கோயம்புத்தூர்க்காரர். தமிழில் தொடங்கி கன்னடத்தில் திட்டி முடிப்பார். வெகுநாள் என்னைச் சுத்தி தொடவே விடவில்லை, மார்க்கிங் மட்டும்தான். 18 கேஜ் என்றால் ஏறக்குறைய 1.2 மில்லி. பெட்டியின் வெளி அளவை அப்படியே தகட்டில் போட்டு வெட்டினால், மடித்த பிறகு பெட்டி பெரிதாகிவிடும். ஒவ்வொரு மடிப்புக்கும் தடிமனைப்போல் கிட்டத்தட்ட இரண்டு பங்கு கழிக்க வேண்டும். இரண்டு மடிப்பு சந்திக்கும் மூலையில் சின்னத் துளை போடாவிட்டால் அங்கே கிழியும். அலுமினியத்தில் மடிப்புக் கோட்டை ஸ்க்ரைபரால் கீறக் கூடாது, பென்சில்தான். கீறினால் அந்தக் கோட்டிலேயே விரிசல் விடும். மூலைமட்டத்துக்குச் சரியாக மடித்தாலும் கையை எடுத்ததும் தகடு லேசாக விரியும். அதனால் கொஞ்சம் கூடவே மடிக்க வேண்டும். எவ்வளவு கூட என்பதற்கு மேஸ்திரியிடம் கணக்கு கிடையாது, "கை சொல்லும் தம்பி" என்பார். அப்போது எரிச்சலாக வரும்.

மடிப்பதாவது பரவாயில்லை, குழிப்பதுதான் வித்தை. மணல் பைமேல் தகட்டை வைத்து, ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி உள்ளே வர வேண்டும். ஓரம் சுருங்கிக் கொசுவம்போல் மடியும். அந்தச் சுருக்கம் ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிடாமல், மரச் சுத்தியால் பொறுமையாகத் தட்டித் தட்டி உள்ளுக்கே அமுக்க வேண்டும். அடிபட அடிபட உலோகம் இறுகிவிடும். அலுமினியத்தை மறுபடி இளக்க அனல் காட்டுவோம். ஆனால் அது இரும்புபோல் சிவந்து எச்சரிக்காது, திடீரென்று உருகி ஓடிவிடும். அதற்கு மேஸ்திரி வைத்திருந்த கருவி சட்டை துவைக்கும் பார் சோப்புதான். தகட்டில் தேய்த்துச் சூடு காட்டுவார். சோப்பு கறுத்ததும் அனலை எடுத்துவிடுவார்.

இரும்புப் பலகத்தில் புடைப்பு விழுந்தால் புதுப்பையன்கள் அதன் தலையிலேயே அடிப்பார்கள். அடித்தால் தகடு இன்னும் நீளும், புடைப்பும் பெரிதாகும். பொட்டுப்போல ஓரிடத்தைச் சிவக்கக் காய்ச்சி ஈரத்துணியை வைத்தால் அது தானாகச் சுருங்கி மட்டத்துக்கு வரும். எனக்கு இன்றுவரை அலுக்காத வேடிக்கை அது.

2010இல் தலைக்கு மேலே மேம்பாலம் வந்தது. 2025 ஆகஸ்டில் பொம்மசந்திரா வரை மெட்ரோவும் வந்துவிட்டது. பட்டறைகளில் இப்போது லேசர் வெட்டுகிறது, சி.என்.சி. மடிக்கிறது. ஆயிரம் பெட்டி வேண்டுமென்றால் அதுதான் நியாயம். அதில் எனக்குப் புலம்பல் இல்லை. ஆனால் ஒரே ஒரு மாதிரிப் பெட்டிக்கும், நசுங்கிய ஒரு பலகத்துக்கும் இன்னும் கைதான் வேண்டியிருக்கிறது. ஐ.டி.ஐ.களில் ஷீட் மெட்டல் வொர்க்கர் என்று ஓராண்டுப் படிப்பு இருக்கிறது. கைவேலையில் நாட்டமுள்ள பிள்ளை வீட்டில் இருந்தால், பெற்றோர்களே, அந்தப் பெயரைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.