கைகோரா முதல் கேட்லின்ஸ் வரை

பிக்டன், ஜனவரி, முற்பகல்

நியூசிலாந்துத் தென்தீவின் கிழக்குக் கரையை ஒட்டி ஓடும் 1-ஆம் எண் நெடுஞ்சாலை பிக்டன் துறைமுகத்திலிருந்து தெற்கே இறங்குகிறது. வெலிங்டனிலிருந்து குக் நீரிணையைக் கடந்து வரும் கப்பல், சுமார் மூன்றரை மணி நேரப் பயணத்துக்குப் பின் கேம்பர்வேன்களை இங்கே இறக்கிவிடுகிறது. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளடங்கிய இந்த வண்டியைப் போல இக்கரைக்குப் பொருந்துவது வேறில்லை. இங்குள்ள பெங்குயின்கள் விடியலில் கடலுக்குப் போய்ப் பொழுது சாயும்போதுதான் கரையேறும். ஊருக்குள் அறை எடுத்தவர் அந்த நேரத்தில் சாலையில் இருப்பார். வண்டியில் தங்குபவர் கடலுக்கு நடக்கும் தொலைவிலேயே இருப்பார்.

நினைத்த இடத்தில் நிறுத்திப் படுத்துவிட முடியாது. உள்ளாட்சி நிலங்களில் கட்டணமின்றி இரவு தங்கப் பெரும்பாலும் தன்னிறைவு வண்டி என்ற சான்று வேண்டும். 2023-இல் சட்டம் இறுக்கப்பட்டபின், நிலையாகப் பொருத்திய கழிவறை இருந்தால்தான் அந்தச் சான்று கிடைக்கும். கழிவுநீரை அதற்கென்று அமைத்த இடங்களில் மட்டுமே கொட்டலாம். கடலோரம் சுத்தமாக இருப்பதற்கு இந்தக் கண்டிப்பும் ஒரு காரணம்.

ஓஹாவ் முனை, பிற்பகல்

கைகோராவுக்குச் சற்று வடக்கே சாலைக்கும் அலைக்கும் நடுவே பாறைகள் மட்டுமே உள்ளன. அவற்றின்மேல் ரோமச் சீல்கள் கிடக்கின்றன. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோலுக்காக வேட்டையாடி ஏறக்குறைய அழிக்கப்பட்ட இனம் இது. 1978-ஆம் ஆண்டின் கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டம் இதற்கு முழுக் காப்பு அளித்தது.

2016 நவம்பர் 14 நள்ளிரவுக்குப் பின் 7.8 அளவு நிலநடுக்கம் இக்கரையை உலுக்கியது. மலைச்சரிவுகள் சாலையையும் சீல்களின் பாறைகளையும் மூடின. சில இடங்களில் கடல்தரையே பல மீட்டர் மேலெழுந்து, கடற்பாசி படர்ந்த பாறைகள் வெயிலில் காய்ந்தன. நெடுஞ்சாலை மீண்டும் திறக்க 2017 டிசம்பர் ஆயிற்று. சாலைப் பணி முடியுமுன்பே சீல்கள் திரும்பத் தொடங்கியிருந்தன.

கைகோரா, காலை

ஸ்பெர்ம் திமிங்கிலத்தைக் காண உலகின் பல கடல்களில் நெடுந்தொலைவு போக வேண்டும். கைகோராவில் அப்படியில்லை. கரையிலிருந்து சில கிலோமீட்டரிலேயே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று ஆயிரம் மீட்டருக்கும் கீழே சரிகிறது. ஆழத்தின் குளிர்நீர் மேலேறும் இடத்தில் மீனும் கணவாயும் திரள்கின்றன. அவற்றை உண்ண ஆண் திமிங்கிலங்கள் ஆண்டு முழுவதும் இங்கே வருகின்றன. பெண்களும் குட்டிகளும் வெப்பமான வடகடல்களிலேயே தங்கிவிடும்.

படகோட்டிகள் முதலில் கண்ணை நம்புவதில்லை, காதைத்தான் நம்புகிறார்கள். நீருக்குள் ஒலிவாங்கியை இறக்கினால் திமிங்கிலம் இரை தேட எழுப்பும் ‘டிக், டிக்’ ஒலி கேட்கும். அது நின்றால் விலங்கு மேலே வருகிறது என்று பொருள். முக்கால் மணி நேரம், சில வேளை அதற்கும் மேல் ஆழத்தில் இருந்துவிட்டு, பத்து நிமிடம் போல மேலே மிதந்து மூச்சு நிரப்பிக்கொள்ளும். மூச்சுத்துளை தலையின் இடப்பக்கம் இருப்பதால் நீர்த்தூவல் முன்னோக்கி இடப்புறமாகச் சாய்ந்து எழும். தொலைவிலிருந்தே இனத்தை உறுதிசெய்ய இந்த ஓர் அடையாளம் போதும். கடைசியில் முதுகை வளைத்து வாலை உயர்த்தி மூழ்கும்போது, வால் விளிம்பின் வெட்டுகளை வைத்து அது எந்தத் திமிங்கிலம் என்று ஆய்வாளர்கள் சொல்லிவிடுவார்கள்.

2016 நிலநடுக்கம் இந்தப் பள்ளத்தாக்கின் வண்டலைப் புரட்டி ஆழ்கடலுக்குள் தள்ளியது. அடிமண்ணில் வாழ்ந்த உயிர்கள் பெருமளவு அழிந்தன. அதன்பின் ஏறத்தாழ ஓராண்டு, திமிங்கிலங்கள் முங்கல்களுக்கு நடுவே வழக்கத்தைவிட அதிக நேரம் கடல்மட்டத்தில் தங்கியதை ஆய்வாளர்கள் பதிவுசெய்தனர். இரை தேட அவை கூடுதலாக உழைக்க வேண்டியிருந்ததன் அறிகுறி அது.

இதே ஊரில் 1840-களில் திமிங்கில வேட்டைக்காகக் குடியேறினர். அக்காலத்து ஃபைஃப் இல்லம் திமிங்கில முதுகெலும்புகளை அடித்தாங்கலாகக் கொண்டு இன்றும் நிற்கிறது. நியூசிலாந்தில் வேட்டை 1964-இல் முடிந்தது. 1987-இல் நாய் தாஹு இனத்து மாவோரிக் குடும்பங்கள் வேலையின்மையின் நடுவே தொடங்கிய திமிங்கிலக் காட்சிப் படகுத் தொழில் ஊரின் பிழைப்பையே மாற்றிவிட்டது. ஒரே திமிங்கிலத்தை 300 மீட்டருக்குள் மூன்றுக்கு மேற்பட்ட படகு, வானூர்திகள் சூழக்கூடாது, 50 மீட்டருக்குள் நெருங்கவும் கூடாது.

அகரோவா, நடுப்பகல்

பேங்க்ஸ் தீபகற்பத்தின் அகரோவா விரிகுடாவில் ஹெக்டர் டால்பின்கள் கோடையில் கரையோரம் வரும். நியூசிலாந்தைத் தவிர வேறெங்கும் இல்லாத இவை ஒன்றரை மீட்டருக்கு மேல் வளர்வது அரிது. முதுகுத் துடுப்பு வளைந்து கூராக இல்லாமல் வட்டமாக இருக்கும். நிறுத்துவலைகளில் சிக்கி மூச்சடைத்துச் சாவதுதான் இவற்றின் பெரும் ஆபத்து. அதைத் தடுக்கவே 1988-இல் இத்தீபகற்பத்தைச் சுற்றிக் காப்பிடம் அறிவிக்கப்பட்டது.

ஓமரு, இரவு

இருட்டியபின் ஓமரு துறைமுகத்துக்கு அருகே, பழைய கல்குவாரியில், சிறுநீலப் பெங்குயின்கள் கூட்டமாகக் கரையேறுகின்றன. பெங்குயின்களில் இவையே மிகச் சிறியவை. எடை ஒரு கிலோ அளவே. ஜனவரியில் ஒன்பது மணிக்கு மேல்தான் பொழுது சாயும். கல்லில் ஏறிச் சிறிது நின்று, துணிவு வந்தபின் எல்லாம் ஒன்றாக ஓடும். சாலையோரம் நிறுத்திய வண்டிகளின் அடியில் இவை ஒதுங்குவதுண்டு. ஆகவே சக்கரங்களைக் குனிந்து பார்க்காமல் வண்டியைக் கிளப்பக்கூடாது.

ஒட்டாகோ தீபகற்பம், மாலை

தீபகற்ப நுனியான தாயரோவா முனையில் வடக்கு ராயல் ஆல்பட்ராஸ் கூடு கட்டுகிறது. இறக்கை விரிவு மூன்று மீட்டர். 1930-களில் டனீடின் ஆசிரியர் லான்ஸ் ரிச்டேல் மனிதரும் விலங்குகளும் கெடுக்காதபடி கூட்டைக் காவல் காத்தார். 1938-இல் முதல் குஞ்சு பறந்து சென்றது. அடைகாக்க 11 வாரம், குஞ்சு பறக்கச் சுமார் எட்டு மாதம் என்பதால் குஞ்சு வளர்த்த இணை ஓராண்டு விட்டே மறுபடி முட்டையிடும். காற்று பலமாக வீசும் மாலையே பார்க்க ஏற்ற நேரம், அமைதியான நாளில் பறவைகள் தரையிலேயே அமர்ந்துவிடும்.

கேட்லின்ஸ், அந்தி

டனீடினுக்குத் தெற்கே கரை காடும் குன்றும் கலந்தது. நக்கெட் முனைக் கலங்கரை விளக்கத்துக்கு அருகிலுள்ள ரோரிங் விரிகுடாவில் பார்வையாளருக்கென்று மறைவிடம் கட்டியிருக்கிறார்கள். மஞ்சள்கண் பெங்குயினை, மாவோரியர் ஹோய்ஹோ என்பதை, அங்கிருந்து பார்க்க வேண்டும். ஐந்து டாலர் நோட்டில் உள்ள பறவை இதுதான். மற்றப் பல பெங்குயின்களைப் போல் நெருக்கியடித்துக் கூடு கட்டாமல் ஒவ்வோர் இணையும் புதருக்குள் தனித்து மறையும். மனிதர் மணலில் நின்றால் கரையேறாமல் அலைக்கு அப்பாலேயே காத்திருக்கும். கூட்டில் குஞ்சு பசித்துக் கிடக்கும். ஒரு படத்துக்காகக் கீழே இறங்குபவர் குஞ்சின் இரவு உணவைப் பறிக்கிறார். நோயும், மரநாய் இனங்களும், வலையும் தென்தீவில் இதன் எண்ணிக்கையை வேகமாகக் குறைத்துவருகின்றன.

சூரத் விரிகுடா மணலில் நியூசிலாந்துக் கடற்சிங்கங்கள் படுத்திருக்கும். உலகின் மிக அரிய கடற்சிங்க இனங்களில் ஒன்று. தென்தீவுக் கரையில் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஈனாதிருந்தது, 1993-இல் ஒட்டாகோவில் மீண்டும் ஈன்றது. பெண்கள் குட்டிகளை உள்நிலக் காட்டுக்குள் கொண்டுபோய் வைப்பதால் பாதையில் எதிர்ப்படுவதுண்டு. இருபது மீட்டர் விலகி நிற்க வேண்டும், பாய்ந்து வந்தால் நிதானமாகப் பின்வாங்க வேண்டும்.

கியூரியோ விரிகுடாவில் ஓதம் வற்றும்போது ஜுராசிக் காலக் காட்டின் கல்லாகிய அடிமரங்கள் வெளிப்படும். அடுத்த வளைவான போர்பாய்ஸ் விரிகுடாவில் மீண்டும் ஹெக்டர் டால்பின்கள். வைபாபா முனையிலுள்ள கலங்கரை விளக்கம், 1881-இல் தராருவா கப்பல் பாறையில் மோதி 131 பேர் இறந்தபின் கட்டப்பட்டது. அங்கும் புல்மேட்டில் கடற்சிங்கங்கள் உறங்கும். அதற்கு மேற்கே சாலை சமவெளியில் இறங்கி இன்வர்கார்கில் நகரைச் சேர்கிறது. 1-ஆம் எண் நெடுஞ்சாலை அங்கிருந்து தெற்கே புளஃப் வரை சென்று முடிகிறது.