நெருக்கடி நேரத்து நேயர் விருப்பம்

நாட்டில் பணப்புழக்கம் குறைந்தால் வீட்டு மளிகைப் பட்டியல் மட்டுமன்று, வானொலியின் பாடல் பட்டியலும் மாறிவிடுகிறது. இதை நான் முதன்முதலில் கவனித்தது 2020இல். மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது நான் ஐந்தாம் படிவத்தில் இருந்தேன். அப்பா ஈப்போவில் பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். பள்ளிகள் மூடப்பட்டதும் பேருந்து வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டது. பெற்றோர்களிடம் மாதக் கட்டணம் கேட்க அப்பாவுக்கு மனம் வரவில்லை. அவர்களில் பலரும் சம்பளமின்றித்தான் இருந்தார்கள். அவ்வாண்டு மே மாதத்தில் நாட்டின் வேலையின்மை விகிதம் 5.3 விழுக்காட்டை எட்டியது.

அந்த வாரங்களில் எங்கள் வீட்டு வானொலியில் தன்னம்பிக்கைப் பாடல்கள் வரிசைகட்டி ஒலித்தன. எம்.ஜி.ஆர். படத்து உழைப்பாளர் பாட்டு முடிந்தால் ரஜினி படத்து வெற்றிப் பாட்டு வரும். நடுவில் அறிவிப்பாளரின் ஆறுதல் மொழி. நல்லெண்ணத்தோடு செய்ததுதான். ஆனாலும், ஒருநாள் காலையில் அப்பா எரிச்சலோடு வானொலியை அடைத்துவிட்டார்.

"முன்னேறு, முன்னேறுன்னு பாடுறானுங்க. எங்க போய் முன்னேறுறது? எல்லா ரோட்டுலயும் போலீஸ் நிக்குது!"

பாட்டிதான் பதில் சொன்னார். "பாட்டு என்னப்பா பாவம் செஞ்சது? யாருக்குப் பாடுறோம்னு தெரியாம பாடுனா அப்படித்தான் இருக்கும்."

பல்கலைக்கழகம் வந்த பிறகும் பாட்டியின் சொல் என்னை விடவில்லை. நூலகத்தில் சில நூல்களைப் புரட்டியபோது, இது இன்று நேற்று எழுந்த சிக்கல் இல்லை என்று தெரிந்தது. 1929இல் அமெரிக்காவில் பெருமந்தம் தொடங்கியது. 1932 அதிபர் தேர்தலில் ரூஸ்வெல்ட் தரப்பினர் குதூகலமான ஒரு பாட்டைப் பரப்புரைப் பாடலாக எடுத்துக்கொண்டனர். அதே ஆண்டில், இப் ஹார்பர்க் என்ற பாடலாசிரியர் மேடை நிகழ்ச்சி ஒன்றுக்கு வேறு வகைப் பாடலை எழுதினார். இருப்புப்பாதை போட்ட தொழிலாளி ஒருவன் இன்று சில்லறைக் காசுக்குக் கையேந்துவதாக அமைந்தது அது. பிங் கிராஸ்பி பாடிய இசைத்தட்டு பெரும் வரவேற்பைப் பெற்றது. முதல் பாட்டு மக்களைச் சிரிக்கச் சொன்னது. இரண்டாவது பாட்டு அவர்களின் நிலையைச் சொன்னது. மக்களுக்கு இரண்டும் தேவைப்பட்டன.

அதே மந்தம் மலாயாவின் ரப்பர் விலையையும் வீழ்த்தியது. ஆண்களின் நாள்கூலி 50 காசிலிருந்து 1930இல் 40 காசானது. பிறகு அதற்கும் கீழே போனது. பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் வேலையிழந்து தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அன்று லயத்து வீடுகளில் ஏது வானொலி? தாலாட்டிலும் ஒப்பாரியிலும் கூலியையும் கங்காணியையும் அவர்களே பாடிக்கொண்டார்கள். அந்தப் பாட்டு யாருக்கு என்ற கேள்வியே எழவில்லை.

மலாயா வானொலி 1946 ஏப்ரல் முதல் நாள் அமைக்கப்பட்டது. அவசரகாலத்தில், தோட்டங்களிலும் புதுக்கிராமங்களிலும் மக்கள் கூடிக் கேட்பதற்காக அரசாங்கம் பொது வானொலிப் பெட்டிகளை வைத்தது. சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டமொன்றில் பிறந்த என் பாட்டிக்கு வானொலிமேல் ஆசை வந்தது அதற்கும் பிறகு, வீட்டுக்கு ஒரு டிரான்சிஸ்டர் வந்த நாளில். விடியற்காலை பெரட்டுக்குப் போய், நிரை முழுக்கப் பால் வெட்டி, வாளி சுமந்து ஸ்டோரில் நிறுவையும் முடித்து வந்த பிறகு, அவருடைய ஒரே பொழுதுபோக்கு நேயர் விருப்பம்தான்.

பாட்டி தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தவர். பக்கத்து வீடுகளுக்கும் சேர்த்து அஞ்சலட்டை எழுதுவார். தோட்டத்திற்கு வெள்ளைக்காரத் துரை வைத்த ஆங்கிலப் பெயர் ஒன்று. நம்மவர்கள் அழைத்த தமிழ்ப் பெயர் ஒன்று. பாட்டி எழுதுவது தமிழ்ப் பெயரைத்தான். அறிவிப்பாளர் அந்தப் பெயரை வாசிக்கும்போது லயமே காது கொடுக்குமாம். என்ன பாட்டு வந்தது என்பது அவருக்கு மறந்துவிட்டது. யார் யார் பெயர் வந்தது என்பது இன்றும் நினைவிருக்கிறது.

தோட்டத்தில் நெருக்கடி ஓய்ந்ததில்லை. 1950களின் பிற்பகுதியில் பெரிய தோட்டங்களைத் துண்டாடி விற்கத் தொடங்கினார்கள். அதைத் தடுக்கத்தான் துன் வீ.தி.சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்தது. கிந்தா பள்ளத்தாக்கின் சுரங்கங்கள் அடுத்தடுத்து மூடப்பட்டன. சுரங்க வேலையில் இருந்த தாத்தாவின் தம்பி வீடு திரும்பினார். பின்னர் தோட்டமும் கைமாறியது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. 1998இல், நாட்டின் பொருளாதாரம் 7 விழுக்காட்டுக்கும் மேல் சுருங்கிய அந்த ஆண்டில், பாட்டியின் குடும்பம் ஈப்போ புந்தோங்கில் வாடகை வீட்டில் இருந்தது. அங்கிருந்தும் பாட்டி அஞ்சலட்டை எழுதினார். முகவரி ஈப்போ, பெயருக்குப் பக்கத்தில் மட்டும் பழைய தோட்டம். லயம் இடிக்கப்பட்டு, கோயிலும் இடம் மாறிவிட்ட பிறகு, அந்தத் தோட்டத்தின் பெயர் நாலு பேர் காதில் விழுந்தது வானொலியில் மட்டும்தான்.

2020இல் பாட்டிக்காக நான் கைப்பேசியில் ஒரு விருப்பம் அனுப்பினேன். "தோட்டத்துப் பேரையும் போடு" என்றார். போட்டேன். இரண்டு நாள் கழித்து அந்தப் பெயர் ஒலித்தது. ஒலியேறியது தன்னம்பிக்கைப் பாட்டன்று, சுசீலா பாடிய பழைய சோகப் பாட்டு. அன்று அப்பா வானொலியை அடைக்கவில்லை. மாலையில் பாட்டிக்கு மூன்று தொலைபேசி அழைப்புகள் வந்தன. பழைய லயத்து ஆட்கள்! ஒருவர் மறுநாளே அரிசிப் பை ஒன்றை வேறொருவர் மூலம் கொடுத்தனுப்பினார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏப்ரல் முதல் தேதியிலிருந்து 6 மாதங்களுக்கு வங்கிக் கடன் தவணைகளை ஒத்திவைக்கும் சலுகை வந்தது. பேருந்துக் கடனுக்கும் அது பொருந்துமா என்று அப்பா குழம்பிக்கொண்டிருந்தார். இரண்டு பாட்டுக்கு நடுவே தமிழில் வந்த விளக்கத்தைக் கேட்டு, "வண்டிக் கடனுக்கும் உண்டாம்ப்பா" என்று அவரிடம் சொன்னவர் மலாய் படிக்கத் தெரியாத என் பாட்டி. அந்த மாதத்தில் எங்களுக்குக் கிடைத்த மிகப் பெரிய தன்னம்பிக்கை அந்த ஒரு நிமிட விளக்கம்தான்.

தன்னம்பிக்கைப் பாடல்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால், அவற்றை மட்டுமே அடுக்கினால், வேலை போனது கேட்பவனின் ஊக்கக் குறைவால்தான் என்பதுபோல் ஆகிவிடுகிறது. அப்பாவுக்கு ஊக்கம் குறையவில்லை. ஏற்றிச் செல்லப் பிள்ளைகள் இல்லை, அவ்வளவுதான்.

நம்மில் சிலர் நாளை மின்னலிலோ ராகாவிலோ வேறோர் ஊடகத்திலோ பணிபுரியக் கூடும். நெருக்கடி மறுபடியும் வரும். அப்போது பாடல் பட்டியலைத் தயாரிப்பதற்கு முன், நேயர்களின் பெயரையும் ஊரையும் கேளுங்கள். எங்கே உதவி கிடைக்கிறது, எந்தப் பாரத்தை நிரப்ப வேண்டும் என்பதைத் தமிழில் சொல்லுங்கள். எந்தப் பாட்டு வேண்டும் என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள்.